படம் மூன்று, பாகம் ஏழு

விசாரணை பத்து மணி பதினேழு நிமிடத்துக்கு என்று கடிதத்தில் இருந்தது. பத்தேகால் என்று போட்டால் ஆட்கள் பத்தரைக்கு வருகிறார்கள். பதினேழு என்று போட்டால் பயந்துகொண்டு முன்னதாகவே வந்துவிடுகிறார்கள். இது காப்புரிமை அலுவலகத்தின் சொந்தக் கண்டுபிடிப்பு. வார்ப்புக்காரரும் அவர் மனைவியும் ஒன்பதுக்கே வந்து படியில் நின்றார்கள்.

அலுவலகத்துக்கு இரண்டு வாசல். ஒன்றின் மேல் ‘புதியது’ என்று எழுதியிருந்தது. மற்றதன் மேல் ‘புதியதல்ல’. ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்கிறவர்கள் முதல் வாசலில் போக வேண்டும். அது புதிதில்லை என்று ஆட்சேபிக்கிறவர்கள் இரண்டாவதில். லிஃப்ட் முதல் வாசலில் இருந்தது.

காவலாளி பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே இரண்டு அலுமினியப் பெட்டிகள். ஒரு மண்ணெண்ணெய் விளக்கு.

“இது என்ன?”

“விளக்குங்க.”

“எதுக்கு?”

“சாட்சிக்கு.”

காவலாளி மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து விளக்கையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“படம் மூணு, பாகம் ரெண்டு. திரியுடன் கூடிய எரிப்பான். இது விண்ணப்பத்துல இருக்கிற கருவி. விண்ணப்பதாரர் அனுமதி இல்லாம உள்ள விட முடியாது.”

“எங்க வீட்டு விளக்குங்க இது.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.”

விளக்கில் டோக்கன் கட்டி அலமாரியில் வைத்தார். அங்கே ஏற்கெனவே ஒரு சல்லடை, ஒரு கதவுத் தாழ்ப்பாள், ஒரு சைக்கிள் சீட், குழந்தைக்கு மருந்து ஊட்டும் கரண்டி ஒன்று. எல்லாவற்றிலும் டோக்கன் இருந்தது. எல்லா டோக்கன்களும் மஞ்சளேறிப் போயிருந்தன.

மாடிப்படி ஏறினார்கள். நான்கு மாடி.

வார்ப்புக்காரரின் பட்டறையில் பதினோரு பேர். மின்னணுப் பலகைகள் சூடேறாமல் இருக்க அவற்றின் முதுகில் பொருத்தும் அலுமினியப் பெட்டிகளை வார்த்தார்கள். பெட்டியின் ஒரு பக்கம் சீப்பு மாதிரி மெல்லிய பற்கள். சூடு அந்தப் பற்கள் வழியாக வெளியே போகும். பற்களை வார்ப்பதுதான் கஷ்டம். உருகிய அலுமினியம் இரும்பு அச்சின் இடுக்குக்குள் இறங்கி முடிப்பதற்குள் உறைந்துவிடும். பாதிப் பல், கால் பல், பொக்கை. நூறு பெட்டி வார்த்தால் அறுபது மறுபடி உலைக்குப் போகும்.

பதினாலு வருடத்துக்கு முன் ஒரு மழைப் பகலில் கரண்ட் போனது. அச்சுக்குள் தூசி இருக்கிறதா என்று பார்க்க வார்ப்புக்காரரின் மனைவி கண்ணாடி இல்லாத மண்ணெண்ணெய் விளக்கை அதன் மேல் பிடித்தார். விளக்குப் புகை அச்சுக்குள் கரியாகப் படிந்தது. துடைக்க நேரமில்லை. ஊற்றிவிட்டார்கள். அன்று எல்லாப் பல்லும் முளைத்திருந்தது.

ஒரு நாள் வந்தது எல்லா நாளும் வருவதற்கு மூன்று வருடம் ஆனது. கரி குறைந்தால் பல் நிறையாது. கூடினால் செதில் செதிலாக உரிந்து உலோகத்தில் புள்ளி விழும். வார்ப்புக்காரரின் மனைவி திரியை மாற்றினார். தூரத்தை மாற்றினார். நேரத்தை மாற்றினார். ஆயிரத்துச் சொச்சம் பெட்டிகளைக் கெடுத்தார். ஒரு முறை அச்சு சரிந்து இடது முழங்கை வெந்தது. கடைசியில் கிடைத்தது இதுதான்: ஆறு இழைத் திரி, ஒரு ஜாண் தூரம், நாற்பது எண்ணும் நேரம். அவரே சத்தமாக எண்ணுவார். பட்டறையில் எல்லோருக்கும் அவர் நாப்பதக்கா.

பெட்டிகளை வாங்குவது ஒரு மின்னணுக் கம்பெனி. இரண்டு வருடத்துக்கு முன் அங்கிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். சின்ன வயது. நோட்டும் பேனாவும் வைத்திருந்தார்.

“அக்கா, உங்க பெட்டியில மட்டும் பல்லு எப்படி இவ்வளவு அழகா வருது?”

ஒன்பது வருடமாக யாரும் கேட்காத கேள்வி. நாப்பதக்கா அவருக்கு எல்லாவற்றையும் செய்து காட்டினார். அவரையே எண்ணச் சொன்னார். இன்ஜினியர் முப்பத்தாறிலேயே நிறுத்தியபோது கையில் ஒரு தட்டுத் தட்டி மறுபடி எண்ண வைத்தார். போகும்போது ஒரு விளக்கையும் கொடுத்து அனுப்பினார்.

“கெட்டிக்காரப் புள்ள,” என்றார் அன்று மாலை.

அந்தக் கெட்டிக்காரப் பிள்ளையின் கம்பெனிதான் இப்போது காப்புரிமை கேட்டிருந்தது. கிடைத்துவிட்டால் அந்த முறையில் வேறு யாரும் வார்க்கக் கூடாது. இன்று மாலை ஐந்து மணிக்குத் தீர்ப்பு. தீர்ப்பு கம்பெனிக்குச் சாதகமாக வந்தவுடன் பட்டறைக்குச் சீல்.

விசாரணை அறையில் மேடை மேல் மூன்று நாற்காலி. நடுவில் துணைக் கட்டுப்பாட்டு அதிகாரி. இடது பக்கம் எழுத்தர். வலது பக்க நாற்காலி காலியாக இருந்தது. அதன் முன்னால் ‘துறையறிந்த சாதாரண ஆள்’ என்று பித்தளைப் பலகை. கீழே ஒரு பெஞ்சில் கம்பெனி வக்கீலும் இன்ஜினியரும். எதிர் பெஞ்சில் வார்ப்புக்காரரும் நாப்பதக்காவும். இன்ஜினியர் எழுந்து வணக்கம் சொன்னார். நாப்பதக்கா பழக்கத்தில் பதில் வணக்கம் சொல்லிவிட்டார்.

துணை அதிகாரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினேழு ஆகும்வரை எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். பிறகு அவர் பேசினார்.

“இருபத்தாறு வருஷமா நான் புதுமையைக் காப்பாத்திட்டு இருக்கேன். யார்கிட்ட இருந்துன்னு கேப்பீங்க. அதைப் பண்றவங்ககிட்ட இருந்துதான். ஒரு விஷயத்தை எல்லாரும் தினம் பண்ணிட்டே இருந்தா அது தேஞ்சு போயிடும். அதனால முதல்ல நிறுத்தறோம். அப்புறம்தான் அது புதுசா இல்லையான்னு பாக்கறோம். இங்க யாருக்கும் அநியாயம் நடக்காது. நடந்தாலும் முறைப்படிதான் நடக்கும்.”

எழுத்தர் விண்ணப்பத்தைப் படித்தார். நாற்பத்தாறு பக்கம்.

“உலோகம் வார்ப்பதற்கு முந்தைய கட்டத்தில் அச்சின் உட்பரப்பின் மீது கார்பன் நுண்துகள் படலம் ஒன்றை உருவாக்கி, வெப்ப இழப்பைத் தற்காலிகமாக ஒத்திவைக்கும் முறையும், அதற்கான அமைப்பும்.”

“கரி புடிக்கிறதுங்க,” என்றார் வார்ப்புக்காரர்.

“குறுக்க பேசாதீங்க.”

“அமைப்பின் பாகங்கள். ஒன்று, அச்சு. இரண்டு, எரிப்பான். மூன்று, எரிபொருள் கலன். நான்கு, திரி. ஐந்து, இடைவெளி. ஆறு, புகை. ஏழு, முப்பத்தெட்டுக்கும் நாற்பத்திரண்டுக்கும் இடைப்பட்ட எண்ணிக்கை வரை இயங்கும் வாய்மொழி நேரக் கட்டுப்பாட்டு அலகு.”

“ஏழாவது என்னதுங்க?”

எழுத்தர் படம் மூன்றைத் தூக்கிக் காட்டினார். சுத்தமான கோட்டுப் படம். அச்சு இருந்தது. விளக்கு இருந்தது. விளக்கைப் பிடித்த கை இருந்தது. கைக்குப் பின்னால் ஒரு உருவம். தலையில் கொண்டை. இடது முழங்கையில் ஒரு தழும்பைக்கூட விடாமல் வரைந்திருந்தார்கள். வாய் திறந்திருந்தது. வாயிலிருந்து ஒரு கோடு கிளம்பி ஓரத்தில் ஏழு என்ற எண்ணில் முடிந்தது.

“இது நான்,” என்றார் நாப்பதக்கா.

துணை அதிகாரி முதல் முறையாக அவரைப் பார்த்தார்.

“நீங்க யாரு?”

“அவரு சம்சாரம்.”

“ஆட்சேபணை மனுவுல உங்க பேர் இருக்கா?”

நாப்பதக்கா கணவரைப் பார்த்தார். வார்ப்புக்காரர் பெட்டியைப் பார்த்தார்.

“இல்லைங்க,” என்றார் வார்ப்புக்காரர்.

“அப்ப அவங்க பேசக் கூடாது.”

“படத்துல இருக்கேனே.”

வக்கீல் எழுந்தார். “ஐயா, படத்துல இருக்கிறது ஆள் இல்ல. நாற்பது வரைக்கும் எண்ணக்கூடிய ஏதோ ஒரு அலகு. உதாரணத்துக்காக இப்படி வரைஞ்சிருக்கு. அலகு யாரு என்னங்கிறது இந்த விண்ணப்பத்துக்குச் சம்பந்தமில்லை.”

“சரி. பாகம் பேசினதைக் குறிப்புல இருந்து எடுத்துடுங்க,” என்றார் துணை அதிகாரி. எழுத்தர் அந்த வரிகளை அடித்தார்.

வார்ப்புக்காரர் இரண்டு பெட்டிகளையும் மேசையில் வைத்தார். அடியில் வருடம் பொறித்திருந்தது. ஒன்று பன்னிரண்டு வருடப் பழசு. ஒன்று பதினொன்று.

துணை அதிகாரி விரலால் பற்களைத் தடவினார். சீப்பைத் தடவினால் வரும் சத்தம் வந்தது. அவருக்கு அது பிடித்திருந்தது. இன்னொரு முறை தடவினார்.

“கரி எங்கே?”

“கழுவிட்டுத்தாங்க பெட்டியைக் குடுப்போம்.”

“சாட்சியைக் கழுவிட்டீங்க.”

எழுத்தர் எழுதிக்கொண்டார்.

“இந்த முறை வேற யாருக்குத் தெரியும்?”

“பட்டறையில பதினோரு பேருக்கும் தெரியும்.”

“உங்க கூரைக்குக் கீழ இருக்கறவங்க பொதுமக்கள் ஆக மாட்டாங்க.”

“என் சம்சாரத்துக்குத் தெரியும்.”

“மனைவிக்குத் தெரிஞ்சது வெளியுலகத்துக்குத் தெரிஞ்சதா ஆகாது. பிரிவு நாற்பத்தொண்ணு.”

“அப்படிங்களா? உங்க வீட்ல அப்படியா?” என்றார் நாப்பதக்கா.

எழுத்தருக்கு இருமல் வந்தது. அதையும் குறிப்பிலிருந்து எடுத்தார்கள்.

“புகை ஜன்னல் வழியா வெளிய போகும்ங்க. பதினாலு வருஷமா தெருவே பாத்துட்டு இருக்கு.”

“புகையோட சேர்ந்து விளக்கமும் வெளிய போச்சா?”

“இல்லைங்க. புகை மட்டும்தான்.”

“அது மாசு. அதுக்கு வேற அலுவலகம்.”

வார்ப்புக்காரர் கடைசிச் சீட்டை எடுத்தார். அது துருப்புச் சீட்டு என்று மூன்று வாரமாக நம்பிக்கொண்டிருந்தார். “இந்த இன்ஜினியர் தம்பிக்கே நாங்கதான் சொல்லிக் குடுத்தோம். கேளுங்க. அவரே சொல்லட்டும்.”

இன்ஜினியர் எழுந்தார். மறைக்கவில்லை. “ஆமாங்க ஐயா. அக்காதான் சொல்லிக் குடுத்தாங்க. ரொம்பப் பொறுமையா.”

வார்ப்புக்காரர் மூச்சு விட்டார். வக்கீல் மெதுவாக எழுந்தார்.

“விண்ணப்பதாரர்கிட்டயே சொன்னது வெளிப்படுத்தினதா ஆகாது ஐயா. வீட்டுக்காரன்கிட்ட அவன் வீட்டு விலாசத்தைச் சொன்ன மாதிரிதான்.”

“அது அவன் வீடே இல்லையே!” என்றார் வார்ப்புக்காரர்.

“இன்னும் இல்ல,” என்றார் துணை அதிகாரி. “அஞ்சு மணிக்குத்தான் தெரியும்.”

“ஐயா, செஞ்சே காட்டிடறேன். ஒரு அச்சு போதும்.”

“செஞ்சு காட்டினா மீறல். செய்யாம காட்டுங்க.”

வார்ப்புக்காரருக்குப் புரியவில்லை. எழுத்தர் சைகையில் விளக்கினார். வெறுங்கை. வார்ப்புக்காரர் எழுந்து இல்லாத அச்சுக்கு மேல் இல்லாத விளக்கைப் பிடித்தார். ஒரு ஜாண். நேரம் தெரிய வேண்டுமே என்று திரும்பினார். நாப்பதக்கா எண்ண ஆரம்பித்தார்.

“ஒண்ணு. ரெண்டு. மூணு.”

பட்டறைக் குரல். மிஷின் சத்தத்துக்கு மேல் கேட்டுப் பழகிய குரல். இருபதில் துணை அதிகாரி பேனாவை வைத்தார். முப்பதில் வக்கீல் பெஞ்சு நுனிக்கு வந்தார். எழுத்தர் விண்ணப்பத்தைப் புரட்டி ஏழாம் பாகத்தில் விரல் வைத்தார்.

“முப்பத்தி அஞ்சு. முப்பத்தி ஆறு. முப்பத்தி ஏழு.”

“ஐயா! அலகு இயங்குது!” வக்கீல் கத்தினார்.

“நிறுத்துங்க!” துணை அதிகாரி எழுந்தே விட்டார்.

நாப்பதக்கா நிறுத்தினார். வார்ப்புக்காரர் கை இன்னும் காற்றில் இருந்தது.

“இன்னொரு எண் சொல்லியிருந்தா இந்த அறையிலேயே மீறல் நடந்திருக்கும்,” என்றார் துணை அதிகாரி. தண்ணீர் குடித்தார். “என் முன்னால. இருபத்தாறு வருஷத்துல முதல் தடவையா.”

நாப்பதக்கா மிச்சத்தை மனதுக்குள் எண்ணி முடித்தார். பாதியில் விட அவருக்கு வராது. எழுத்தர் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணிக்கு இடைவேளை விட்டார்கள். நடைவழியில் ஒரு பெஞ்சு. இருவரும் உட்கார்ந்தார்கள்.

“மனுவுல ஏங்க என் பேர் இல்ல?”

“ஒருத்தர் பேர்லதான் போடணும்னு சொன்னாங்க.”

யாரும் அப்படிச் சொல்லவில்லை. நாப்பதக்கா பையிலிருந்து மனுவை எடுத்து நீட்டினார்.

“படிச்சுக் காட்டுங்க.”

“எதுக்கு இப்ப?”

“படிங்க.”

வார்ப்புக்காரர் மனுவின் நான்காம் பக்கத்தை எடுத்துத் தாழ்ந்த குரலில் படித்தார். “மூன்று வருடம் இரவு பகல் பாராமல் உழைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வார்ப்புகளை இழந்து, உடலில் தீக்காயமும் பட்டு, இந்த முறையை நான் கண்டறிந்தேன்.”

“எங்க காட்டுங்க உங்க தீக்காயத்தை.”

அவர் தாளை மடித்தார்.

“அவன் என் முழங்கையையாவது வரைஞ்சான்,” என்றார் நாப்பதக்கா.

இன்ஜினியர் தயங்கித் தயங்கி வந்து எதிரில் நின்றார். கையில் அதே நோட்டு.

“அக்கா, தப்பா நினைக்கலேன்னா ஒண்ணு கேக்கலாமா? மழை நாள்ல எங்களுக்குப் பல்லு நிறைய மாட்டேங்குது. நாப்பதுதான் எண்றோம். அப்பவும் வரல.”

நாப்பதக்கா வாயைத் திறந்தார். மழை நாளில் நாற்பத்தி மூன்று. வார்ப்புக்காரர் அவர் காலை மிதித்தார். நாப்பதக்கா வாயை மூடினார். மூடுவதற்கு அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. இன்ஜினியர் சிறிது நேரம் காத்திருந்துவிட்டு நோட்டில் ‘மழை: பதில் இல்லை’ என்று எழுதிக்கொண்டு போனார்.

வார்ப்புக்காரரின் போன் அடித்தது. நாப்பதக்காவின் தம்பி. பட்டறையை இன்று அவன்தான் பார்த்துக்கொண்டான்.

“மாமா, சீல் வைக்கிறவங்க வந்துட்டாங்க. மூணு பேரு.”

“தீர்ப்பே வரலையேடா.”

“முன்னேற்பாடாம். அஞ்சு மணிக்குப் போன் வரும், வந்தா வைப்போம், வரலேன்னாலும் வைப்போம்கிறாங்க. பதில் இல்லேன்னா சம்மதம்னு அர்த்தமாம். மாமா, உலையில மூசைச் சட்டி நிறைய அலுமினியம் உருகி நிக்குது. அப்படியே கதவைப் பூட்டினா மூசைக்குள்ளயே உறைஞ்சு வெடிச்சிடும். உலையும் போச்சு.”

“வார்த்துத் தீத்துடு.”

“எப்படி? பட்டியல் வச்சிருக்காங்க. விளக்கையெல்லாம் எடுத்துட்டாங்க. இடைவெளியை டேப்புல அளந்து குறிச்சிக்கிட்டாங்க. புகையை ஒரு பிளாஸ்டிக் பையில புடிச்சுக் கட்டிட்டாங்க. ஆறு சாமான் கிடைச்சிடுச்சு, ஏழாவது எங்கேன்னு கேக்கறாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“அக்கா அங்கதான் வந்திருக்குன்னு சொன்னேன். அது திரும்பி வந்ததும் ஒப்படைக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கிட்டாங்க.”

“போட்டியா?”

“போடலேன்னா உலையை அணைச்சிடுவோம்னாங்க மாமா. வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டது அக்கா. என்னைத் திட்டாதீங்க.”

இரண்டிலிருந்து நான்கு வரை எழுத்தர் முன்னறிவுப் பட்டியலைப் படித்தார். இதுவரை புத்தகங்களிலும் தாள்களிலும் பதிவான விளக்குகள் எல்லாம் அதில் இருந்தன. புகை வராத விளக்கு, குறைவாகப் புகை வரும் விளக்கு, புகையைத் தானே விழுங்கும் விளக்கு. புகைக்காகவே பிடித்த விளக்கு ஒன்றும் இல்லை. வார்ப்புக்காரர் ஒவ்வொரு விளக்குக்கும் கடிகாரத்தைப் பார்த்தார்.

நாலு இருபதுக்குத் துணை அதிகாரி பட்டியலை மூடினார்.

“ஆக, புதுசுதான். இனி ஒரே ஒரு கேள்வி மிச்சம். இது புதுசா இருந்தாலும், துறையறிந்த ஒரு சாதாரண ஆளுக்குச் சுலபமா தோணக்கூடியதா? தோணும்னா காப்புரிமை கிடையாது. யார் வேணும்னாலும் பண்ணலாம். தோணாதுன்னா கம்பெனிக்கு.” அவர் வலது பக்க நாற்காலியைக் காட்டினார். “அதைச் சொல்ல வேண்டியவர் இந்தச் சீட்டுல இருப்பார்.”

“அவர் எங்கேங்க?”

துணை அதிகாரியின் முகம் வாடியது.

“பத்தொன்பது வருஷம் இங்க உக்காந்தார். தங்கமான மனுஷன். எல்லாம் படிச்சவர். எல்லாம் ஞாபகம் வச்சிருந்தவர். ஒரு யோசனைகூட வந்ததில்ல அவருக்கு. போன மாசம் திடீர்னு, ஃபைல் அலமாரியை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டா வெளிச்சம் வருமேன்னு சொல்லிட்டார். அன்னைக்கே பதவி போச்சு. வேற வழியில்ல. யோசனை வந்த ஆள் சாதாரண ஆள் இல்ல.”

எழுத்தர் தலை குனிந்தார். அலமாரி பழைய இடத்தில் இருட்டில் நின்றது.

“புது ஆள் போடற வரைக்கும் தற்காலிகமா ஒருத்தரை உக்கார வைக்க எனக்கு அதிகாரம் இருக்கு. முப்பது வருஷம் அந்தத் தொழில்ல இருக்கணும். பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. எந்தக் கண்டுபிடிப்பும் அவர் பேர்ல இருக்கக் கூடாது.” அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை வார்ப்புக்காரரிடம் நின்றது. “நீங்க வாங்க.”

“நானா? நான் ஆட்சேபணை போட்டவன்ங்க.”

“இந்த நாற்காலியில உக்காந்ததும் நீங்க நீங்க இல்ல.”

“நான் வரட்டுமா?” என்றார் நாப்பதக்கா. “எனக்கும் முப்பது வருஷம் ஆச்சு.”

“பாகம் உக்கார முடியாது.”

வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார். “இவர் சாதாரண ஆள்தான்கிறதுல எங்களுக்கு எந்த ஆட்சேபணையும் இல்ல.”

வார்ப்புக்காரர் மேடை ஏறினார். கழுத்தில் அட்டை மாட்டினார்கள். எழுத்தர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார். “நான் எல்லாம் படித்தவன். எல்லாம் நினைவில் உள்ளவன். புதிதாக எதையும் நினைக்க மாட்டேன்.” நாற்காலி வசதியாக இருந்தது. பத்தொன்பது வருடம் ஒருவர் அசையாமல் உட்கார்ந்த பள்ளம் அதில் இருந்தது.

மணி நாலு நாற்பத்தொன்று.

“ஐயா, ஒரு விஷயம்,” என்றார் வக்கீல். “இவரோட மனுவுலயே நாலாம் பக்கத்துல மூணு வருஷ உழைப்பு, ஆயிரம் வார்ப்பு, தீக்காயம்னு இருக்கு. சுலபமா தோணறதுக்கா மூணு வருஷம்?”

“அது ஆட்சேபணைக்காரர் எழுதினது. அவர் இப்ப அறையில இல்ல.”

எல்லோரும் எதிர் பெஞ்சைப் பார்த்தார்கள். நாப்பதக்கா மட்டும் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இடம் காலி.

போன் அதிர்ந்தது. சாதாரண ஆள் போன் எடுக்கலாமா என்று எழுத்தர் விதிப் புத்தகத்தைப் பார்த்தார். தடை இல்லை. எடுத்தால் ஒலிபெருக்கியில் போட வேண்டும் என்று மட்டும் இருந்தது.

“மாமா, சீல் வைக்கிற மெழுகை உருக்க ஆரம்பிச்சுட்டாங்க. அடுப்பு கொண்டு வரலையாம். நம்ம உலையிலயே உருக்குறாங்க. என்ன மாமா ஆச்சு? ஆளுங்கல்லாம் வாசல்ல நிக்கிறாங்க. அக்காகிட்ட குடுங்க.”

“அக்காவால பேச முடியாதுடா,” என்றார் வார்ப்புக்காரர்.

“ஏன், என்னாச்சு அக்காவுக்கு?”

துணை அதிகாரி கையை நீட்டிப் போனை அணைத்தார்.

“சுலபமா தோணும்னு சொன்னா, உடனே நான் போன் பண்ணி சீல் வைக்கிறவங்களைத் திருப்பிக் கூப்பிட்டுக்குவேன்,” என்றார். “தோணாதுன்னா நான் போன் பண்ண வேண்டிய அவசியமே இல்ல.”

வார்ப்புக்காரருக்குப் பதில் வாய் வரை வந்துவிட்டது. பதினோரு பேர், உலை, மூசை. ஒரு வார்த்தை போதும். ஆனால் கேட்டுவிட்டார்.

“சுலபம்னு சொன்னா நீங்க என்னன்னு எழுதுவீங்க?”

“பதிவேட்டுல ‘தானாகவே தெரிவது’ன்னு எழுதுவோம்.”

“கண்டுபிடிச்சவங்க பேரு?”

“தானா தெரியறதை யாரு கண்டுபிடிப்பாங்க? வெயில் அடிக்குதுன்னு கண்டுபிடிச்சவர் யாரு?” துணை அதிகாரி சலித்துக்கொண்டார். “அந்தக் கட்டத்துல ஒரு கோடு போடுவோம். அழிக்க முடியாத மையில. அப்புறம் யாராலயும், எப்பவும் அதுல ஒரு பேரை எழுத முடியாது. அதுதான் இந்தப் பதிவேட்டோட பெருமை.”

எழுத்தர் பதிவேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

பேசினால் குறிப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று நாப்பதக்காவுக்குத் தெரியும். இடது கையை மடியிலிருந்து எடுத்து பெஞ்சின் முதுகில் வைத்துக்கொண்டார். முழங்கைத் தோல் அங்கே மட்டும் மழமழவென்று, மயிரில்லாமல், வேறு நிறத்தில் இருந்தது. கணவரைப் பார்த்தார். கெஞ்சவில்லை. கோபப்படவில்லை. அச்சில் ஊற்றிவிட்டுத் திறக்கும்வரை பார்க்கும் பார்வை அது.

வார்ப்புக்காரர் நாற்காலியில் நிமிர முயன்றார். பள்ளம் விடவில்லை.

“நேரமாச்சு ஐயா,” என்றார் வக்கீல்.

“அந்தப் பக்கம் பாக்காதீங்க,” என்றார் துணை அதிகாரி. “இங்க பாருங்க. நாலு அம்பத்தெட்டு. ஒரே வார்த்தைதான். இதைக் கண்டுபிடிக்க மூளைன்னு ஒண்ணு வேணுமா, வேண்டாமா?”